186 டாலர் செலவு, 75 டாலர் வரவு: ஒரு மொபைல் அஃபிலியேட் விளம்பரத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் 2024 பிற்பகுதியில் மொபைல் அஃபிலியேட் விளம்பரத்தில் இறங்கினார். பிறருடைய செயலியைத் தன் செலவில் விளம்பரம் செய்து, அதை இன்ஸ்டால் செய்யும் ஒவ்வொருவருக்கும் கமிஷன் பெறும் வேலை அது. பகலில் வேலை, இரவில் இரண்டு மணி நேரம் இது. 100 டாலர் போடுவது, அது போனால் விட்டுவிடுவது என்றுதான் ஆரம்பித்தார். ஆறு நாளில் 186 டாலர் செலவாகிவிட்டது. கிளிக்குகளையும் வரவையும் எண்ணும் மென்பொருளான ட்ராக்கர் காட்டிய வரவு 74.90 டாலர், அதாவது போட்ட ஒவ்வொரு டாலரிலும் 60 சென்ட் நஷ்டம். பொது நண்பர் ஒருவர் மூலம் அவர் என்னிடம் வந்தது அப்போதுதான். சிறு விளம்பரதாரர்களுக்கு ட்ராக்கர் அமைத்துக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள், நெட்வொர்க், செயலி எதையும் அடையாளம் தெரியும்படி சொல்லவில்லை.

அவர் எடுத்திருந்த ஆஃபர், அதாவது விளம்பரம் செய்யத் தேர்ந்தெடுத்த பொருள், ஆண்ட்ராய்டு போனில் தேவையில்லாத கோப்புகளை அழித்து இடம் உண்டாக்கும் ஒரு செயலி. இந்தோனேசியாவில் ஒருவர் அதை இன்ஸ்டால் செய்து ஒருமுறை திறந்தால் 35 சென்ட். இந்தியாவுக்கு அதே செயலி தந்த தொகை இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் இந்தோனேசியாவைத் தேர்ந்தெடுத்திருந்தார். வாங்கிய டிராஃபிக், அதாவது பார்வையாளர் வரத்து, பாப்-அண்டர் வகை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு தளத்தைத் தொடும்போது பின்னால் இன்னொரு பக்கம் திறக்குமே, அதுதான். இருக்கிற மொபைல் டிராஃபிக்கில் மலிவானது இது. பார்ப்பவருக்கு அதில் துளி விருப்பமும் இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புதியவர்களுக்காகப் பணம் போகும் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாப்-அண்டர் டிராஃபிக்கை விற்கும் பாப் நெட்வொர்க் ஒரு பார்வையாளரை ட்ராக்கருக்கு அனுப்புகிறது. ட்ராக்கர் அவருக்கு ஒரு கிளிக் ஐடி ஒட்டி லேண்டர் எனப்படும் இடைப்பக்கத்தைக் காட்டுகிறது. லேண்டரில் பொத்தானை அழுத்தினால் மறுபடி ட்ராக்கர் வழியாக, ஆஃபரைத் தந்த அஃபிலியேட் நெட்வொர்க், அங்கிருந்து ப்ளே ஸ்டோர். செயலி திறக்கப்பட்டதும் அஃபிலியேட் நெட்வொர்க் அதே கிளிக் ஐடியைப் போஸ்ட்பேக் எனப்படும் தானியங்கித் தகவல் மூலம் ட்ராக்கருக்குத் திருப்பி அனுப்பும். எந்தத் தளத்திலிருந்து வந்தவர் காசு கொண்டுவந்தார் என்பது அந்த ஐடியை வைத்துத்தான் தெரியும். தளங்களின் பெயரைப் பாப் நெட்வொர்க் சொல்லாது. ஒவ்வொரு தளத்துக்கும் ஸோன் என்று ஓர் எண் கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.

வந்தபோது இருந்த நிலை

"ஆஃபர் செத்துப்போச்சுங்கண்ணா, வேற ஆஃபர் மட்டும் சொல்லுங்க போதும்" என்பதுதான் அவர் கேட்டு வந்தது.

அந்த ஆறு நாளில் அவர் சும்மா இருக்கவில்லை. 140 ஸோன்களை பிளாக்லிஸ்ட்டில் போட்டிருந்தார். கன்வர்ஷன், அதாவது காசு தரும் இன்ஸ்டால், வராத மணி நேரங்களை நிறுத்தியிருந்தார். வரவு குறைந்தபோது நல்ல டிராஃபிக் கிடைக்கும் என்று நம்பி, ஆயிரம் காட்சிக்கு 90 சென்ட் என்று நெட்வொர்க் பரிந்துரைத்த மேல்விலைக்கே பிட்டை, அதாவது காட்சிகளுக்குத் தான் கேட்கும் ஏல விலையை, ஏற்றியிருந்தார். லேண்டரையும் இரண்டு முறை மாற்றியிருந்தார். எதையும் குறித்து வைக்கவில்லை. எந்த மாற்றத்துக்குப் பிறகு எது நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆஃபரை மாத்தறதுக்கு முன்னாடி, எண்ணிக்கை சரியான்னு பார்த்துடலாம் தம்பி" என்றேன். அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் கணக்கு வேலை பார்ப்பவர் என்பதால், இரண்டு பேரேடுகளை ஒத்துப்பார்ப்பது போலத்தான் என்றதும் உட்கார்ந்துவிட்டார். விளம்பரத்தை அன்றே நிறுத்திவைத்தோம். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தில் கோளாறு தேடினால் தேடும் நேரத்துக்கும் காசு போகும்.

எண்கள் ஒத்துப்போகவில்லை

மூன்று இடத்து எண்களை எடுத்துவைத்தோம். பாப் நெட்வொர்க் காட்டிய காட்சிகள் சுமார் 2,06,700. ட்ராக்கரில் பதிவான வருகைகள் 1,61,000. ட்ராக்கரில் 214 இன்ஸ்டால், அஃபிலியேட் நெட்வொர்க்கின் பக்கத்தில் 271.

ஆறு நாளும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ட்ராக்கரை மட்டும்தான். காசு தருபவர்கள் அஃபிலியேட் நெட்வொர்க்காரர்கள். அங்கே 57 இன்ஸ்டால் கூடுதலாக இருந்தது, அவை எல்லாவற்றிலும் கிளிக் ஐடி இருக்க வேண்டிய இடம் காலி. லேண்டரைத் திறந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து முகவரியைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. மேலே இருந்த பொத்தான் ட்ராக்கர் வழியாகப் போனது. பக்கத்தின் அடியில் இருந்த இரண்டாவது பொத்தானில் அஃபிலியேட் லிங்க்கே நேரடியாக ஒட்டப்பட்டிருந்தது. லேண்டரை இரண்டாம் முறை மாற்றும்போது நடந்தது அது.

57 இன்ஸ்டால் என்றால் ஏறக்குறைய 20 டாலர். ட்ராக்கர் காட்டாவிட்டாலும் அந்தப் பணம் அவர் கணக்கில் இருந்தது, அது தொலையவில்லை. தொலைந்தது தகவல்தான். அந்த 57 பேரும் எந்த ஸோன்களிலிருந்து வந்தார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது. கன்வர்ஷனே இல்லை என்று அவர் வெட்டிய ஸோன்களில் சில உண்மையில் கன்வர்ஷன் தந்தவையாக இருக்கலாம்.

இரண்டாவது இடைவெளி இதைவிடப் பெரியது. காசு கொடுத்து வாங்கிய காட்சிகளில் 22 சதவீதம் ட்ராக்கரையே எட்டவில்லை. பாப் டிராஃபிக்கில் கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்கும், திறக்கும் முன்பே மூடிவிடுபவர்கள் உண்டு. ஆனால் ஐந்தில் ஒன்றுக்கு மேல் என்றால் தேட வேண்டும். அவருடைய ட்ராக்கர் அமெரிக்க சர்வர் வழியாக ஓடியது, லேண்டரும் அங்கேயே ஒரு மலிவான ஹோஸ்டிங்கில். ஜகார்த்தாவில் ஒருவர் போனைத் தொட்டால் அந்தக் கோரிக்கை பசிபிக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும், அதுவும் ட்ராக்கருக்கு ஒருமுறை, லேண்டருக்கு ஒருமுறை. கேட்காமலேயே திறந்த பக்கத்துக்காக யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள்.

தவறான காலை

மணி நேரங்களை நிறுத்தியதாகச் சொன்னேன் அல்லவா? ட்ராக்கரில் நள்ளிரவு முதல் காலை 6 வரை கன்வர்ஷன் மிகக் குறைவு என்று பார்த்து, பாப் நெட்வொர்க்கில் 0 முதல் 6 வரையுள்ள மணிகளை அணைத்திருந்தார்.

ட்ராக்கர் இந்திய நேரத்தில் இருந்தது, பாப் நெட்வொர்க் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில். இந்திய நேரம் நள்ளிரவு முதல் 6 வரை என்பது ஜகார்த்தாவில் பின்னிரவு 1.30 முதல் காலை 7.30 வரை. அந்த நேரத்தில் குறைவாக வருவது இயல்புதான். ஆனால் அவர் அணைத்தது யு.டி.சி. 0 முதல் 6 வரை, அதாவது ஜகார்த்தாவில் காலை 7 முதல் பகல் 1 வரை. ஊர் முழுக்க விழித்து போனைக் கையில் எடுக்கும் நேரத்தில் விளம்பரம் நின்றிருக்கிறது, எல்லோரும் தூங்கும் பின்னிரவில் ஓடியிருக்கிறது. இந்தோனேசியாவுக்குள்ளேயே மூன்று நேர மண்டலங்கள் உண்டு என்பது வேறு விஷயம். மக்கள்தொகையில் பெரும்பகுதி மேற்கு மண்டலத்தில் இருப்பதால் ஜகார்த்தா நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

லேண்டர்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர் வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

அந்த லேண்டர் அவர் எழுதியது அல்ல. மற்றவர்களின் விளம்பரங்களை வேவு பார்க்கும் ஒரு கருவி மூலம் யாருடைய பக்கத்தையோ அப்படியே இறக்கியிருந்தார். புதியவர்கள் எல்லோருக்கும் இதுதான் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஓடுவதை நகலெடு, பிறகு மெருகேற்று. ஆங்கிலத்தில், சிவப்புப் பின்னணியில், "உங்கள் போனில் 4 வைரஸ்கள்" என்ற எச்சரிக்கை. கீழே இரண்டு நிமிடக் கவுன்ட்டவுன். பின்னால் போகும் பொத்தானை அழுத்தினால் மீண்டும் அதே பக்கத்துக்கே இழுத்துவரும் ஒரு ஸ்கிரிப்ட். பக்கத்தின் எடை ஏறக்குறைய 2 எம்.பி., அதில் பாதிக்கு மேல் சுழலும் ஒரு ரேடார் படம்.

பக்கத்தின் நிரலை வரிவரியாகப் படித்தபோது படிக்க முடியாதபடி குழப்பி எழுதிய ஒரு துண்டு அகப்பட்டது. அது வேறு ஒரு டொமைனிலிருந்து ஏதோ ஒரு கோப்பை இழுத்துக்கொண்டிருந்தது. நகலெடுக்கப்படும் லேண்டர்களில் இது வழக்கமான பொறி. பக்கத்தை முதலில் செய்தவரோ இடையில் கைமாற்றியவரோ, நகலெடுப்பவரின் பார்வையாளர்களில் ஒரு பங்கு தன் லிங்க்குக்குப் போகும்படி வைத்துவிடுவார். எவ்வளவு பேர் அப்படிப் போனார்கள் என்று அளக்க வழி இல்லை. துண்டை எடுத்துவிட்டோம்.

அந்தப் பக்கத்தின் மொழி ஒரு தனிப் பிரச்சினை. வைரஸ் என்று மிரட்டி, கோப்பு அழிக்கும் செயலியை இன்ஸ்டால் செய்யவைப்பது அப்பட்டமான பொய். ஆஃபரின் விதிகளிலேயே இப்படி மிரட்டும் விளம்பரம் கூடாது என்று இருந்தது. அவர் அதைப் படித்திருக்கவில்லை. "எல்லாரும் இப்படித்தானுங்களே பண்றாங்க" என்றார். உண்மைதான், நிறையப் பேர் செய்கிறார்கள். நம் நாட்டில் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகள் 13 வகை பட்டியலிடப்பட்டுள்ளன. அதில் ஒரு வகை இப்படிப் போனில் வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்துவது. பொய்யான அவசரம் காட்டும் கவுன்ட்டவுனும் அந்தப் பட்டியலில் உண்டு. இவருடைய பார்வையாளர்கள் இந்தோனேசியாவில் இருந்ததால் அந்த வழிகாட்டுதல் இங்கே நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் இதே லேண்டரை நாளை இந்தியப் பயனர்களுக்கு ஓட்டினால் பொருந்தும்.

எண்களிலும் ஒரு தடயம் இருந்தது. லேண்டரைப் பார்த்தவர்களில் 31 சதவீதம் பேர் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், ஏறக்குறைய 50,000 கிளிக். அதிலிருந்து வந்த இன்ஸ்டால் 271 மட்டும். இருநூறு பேர் கிளிக் செய்தால் ஒருவர் இன்ஸ்டால் செய்கிறார். அவர்கள் செயலியைத் தேடி அழுத்தவில்லை, திரையிலிருந்து தப்பிக்க அழுத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அந்தச் செயலி ஆண்ட்ராய்டு 8 அல்லது அதற்கு மேல்தான் ஓடும். விளம்பரமோ எல்லா ஆண்ட்ராய்டு போன்களுக்கும் திறந்திருந்தது. பழைய போன்காரர்கள் ப்ளே ஸ்டோர் வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

20 சென்ட்டில் வெட்டிய ஸோன்கள்

ஒரு ஸோனில் 20 சென்ட் செலவாகியும் கன்வர்ஷன் வராவிட்டால் பிளாக்லிஸ்ட் என்பது அவர் விதி. சிக்கனமாகத்தான் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கையைக் கடிக்காத ஒரு ஸோன், அதாவது 35 சென்ட் செலவுக்குச் சராசரியாக ஓர் இன்ஸ்டால் தருகிற ஸோன் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 சென்ட் செலவழித்தால் எதிர்பார்க்கக்கூடியது அரை இன்ஸ்டாலுக்குச் சற்று மேல். அந்த இடத்தில் ஒன்றுகூட வராமல் இருக்கும் வாய்ப்பு 56 சதவீதம். ஆக, அவருடைய விதி நல்ல ஸோன்களிலேயே பாதிக்கு மேல் வெட்டித் தள்ளும். பே-அவுட்டைப் போல, அதாவது ஓர் இன்ஸ்டாலுக்குக் கிடைக்கும் தொகையைப் போல மூன்று மடங்கு, அதாவது 1.05 டாலர் வரை பொறுத்திருந்தால் நிலைமை வேறு. அதே ஸோன் அதுவரை ஒன்றுகூடத் தராமல் இருக்கும் வாய்ப்பு வெறும் 5 சதவீதம். அங்கே வெட்டினால் இப்படிப்பட்ட நல்ல ஸோன்களில் நூற்றுக்கு ஐந்துதான் தவறாக வெட்டுப்படும்.

பிளாக்லிஸ்ட்டில் இருந்த 140 ஸோன்களில் 1.05 டாலரைத் தாண்டியவை 17 மட்டும். இந்தக் கணக்கு அவருக்கு உடனே பிடித்துப்போனது. ஆனால் பொறுமைக்கு விலை உண்டு. அவருக்கு டிராஃபிக் வந்தது 900-க்கும் மேற்பட்ட ஸோன்களிலிருந்து. எல்லாவற்றுக்கும் 1.05 டாலர் கொடுத்துச் சோதிக்க ஆயிரம் டாலர் வேண்டும். பார்த்தவரை பெரிய 40 ஸோன்களே டிராஃபிக்கில் ஏறக்குறைய 70 சதவீதத்தைக் கொண்டிருந்தன. சோதிப்பது அவற்றை மட்டும்தான் என்று வைத்துக்கொண்டோம்.

எடுத்த முடிவுகள்

ஆஃபரை மாற்றுவதில்லை என்பது முதல் முடிவு. ஆஃபர் மோசமா என்பதைச் சொல்லும் அளவுக்கு நம்பத்தக்க எண் ஒன்றுகூடக் கையில் இல்லாதபோது புது ஆஃபருக்குப் போனால், அதே ஓட்டைப் பாத்திரத்தில் வேறு தண்ணீர் ஊற்றுவதாகத்தான் இருக்கும். போனில் அறிவிப்பாக வரும் விளம்பரமான புஷ் டிராஃபிக்குக்கு மாறலாமா என்றும் கேட்டார். அதையும் அதே காரணத்துக்காகத் தள்ளிவைத்தோம்.

அடுத்து, மிரட்டல் லேண்டர் வேண்டாம் என்று முடிவானது. அது லாபமே தந்தாலும் நான் உதவப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துத்தான் சம்மதித்தார். கிளிக் குறையும் என்ற பயம், அது நியாயமான பயமும்கூட. புதுப் பக்கம் இந்தோனேசிய மொழியில், ஒரே ஒரு பொத்தானோடு, போனில் இடம் போதவில்லையா, இந்தச் செயலி இதைச் செய்யும் என்று மட்டும் சொல்லியது. மொழிபெயர்ப்பை அந்த நாட்டுக்காரர் ஒருவரிடம் 15 டாலர் கொடுத்துச் செய்தோம். பக்கத்தின் எடை 90 கே.பி.க்குள். லேண்டரையும் ட்ராக்கரையும் சிங்கப்பூர் சர்வருக்கு மாற்றினோம்.

ஒரே நபருக்கு 24 மணி நேரத்தில் மூன்று முறை என்றிருந்த காட்சி வரம்பை ஒன்றாகக் குறைத்தோம். ஆண்ட்ராய்டு 8 முதல் மட்டும். மணி நேரத் தடை எதுவும் இல்லை, மூன்று இடத்திலும் நேரம் யு.டி.சி. 17 ஸோன்களைத் தவிர மற்ற 123-ஐயும் பிளாக்லிஸ்ட்டிலிருந்து விடுவித்தோம். மூன்று ஸோன்களில் மட்டும் லேண்டர் கிளிக் 80 சதவீதத்துக்கு மேல், இன்ஸ்டால் பூஜ்யம். மனிதர்கள் அப்படி அழுத்த மாட்டார்கள். அவற்றைக் காத்திருக்காமல் வெட்டினோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிட். 90 சென்ட் விலையில் ஆயிரம் காட்சிக்கு 2.57 இன்ஸ்டால் வந்தால்தான் சமம். அவருக்கு வந்தது 1.31. இரட்டிப்பாக்கினால்தான் முதலே மிஞ்சும். லேண்டரை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இரட்டிப்பை நம்பிக் காசு போடுவது சரியில்லை. பிட்டை 60 சென்ட்டாக இறக்கினோம். காட்சிகள் மெதுவாக வரும், பரவாயில்லை.

இந்தச் சோதனைக்கு 120 டாலர், அதற்கு மேல் ஒரு சென்ட் இல்லை என்று எழுதிவைத்துக்கொண்டார்.

என்ன நடந்தது

இரண்டு வாரத்தில் 118.40 டாலர் செலவானது. ஆயிரம் காட்சிக்குச் சராசரி 58 சென்ட், காட்சிகள் சுமார் 2,04,000. ட்ராக்கரை எட்டாத பங்கு 22 சதவீதத்திலிருந்து 9-ஆகக் குறைந்தது. லேண்டர் கிளிக் 31 சதவீதத்திலிருந்து 12-க்கு விழுந்தது. அதைப் பார்த்த முதல் நாள் இரவு பதறிப்போய்க் கூப்பிட்டார். இன்ஸ்டால் எண்ணைப் பாருங்கள் என்றேன். முன்பு இருநூறு கிளிக்குக்கு ஒன்று, இப்போது எழுபத்தைந்துக்கு ஒன்று. மொத்தம் 297 இன்ஸ்டால், 103.95 டாலர். நஷ்டம் 12 சதவீதம்.

முந்தைய கட்டத்தின் நஷ்டத்தை, விடுபட்ட 57-ஐயும் சேர்த்து, 49 சதவீதம் என்று கொள்ளலாம். அது 12-ஆகக் குறைந்ததில் பெரும்பங்கு விலையைக் குறைத்ததால் வந்தது. பழைய 1.31 இன்ஸ்டாலே 58 சென்ட்டில் கிடைத்திருந்தால் நஷ்டம் 21 சதவீதமாக இருந்திருக்கும். மொழி, வேகம், காட்சி வரம்பு என்று நாங்கள் உழைத்தவை எல்லாம் சேர்ந்து மீதி 9 புள்ளிகள்தான். குறைந்த பிட்டுக்குப் பொதுவாகத் தரம் குறைந்த காட்சிகள்தான் வரும் என்பதால் இதைத் துல்லியமான பிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் திசை தெளிவு.

ஸோன் வாரியாகப் பார்த்தபோது 11 ஸோன்கள் தேறின. 31 டாலர் செலவில் 148 இன்ஸ்டால், 67 சதவீத லாபம். அந்தப் பதினொன்றில் நான்கு, முன்பு 20 சென்ட் விதியில் பிளாக்லிஸ்ட்டுக்குப் போனவை. மற்ற ஸோன்கள் எல்லாம் சேர்ந்து 40 சதவீத நஷ்டம்.

11 ஸோன்களை மட்டும் ஒயிட்லிஸ்ட்டில் வைத்து ஓட்டினோம். 11 நாளில் 64 டாலர் செலவு, 232 இன்ஸ்டால், 81.20 டாலர் வரவு. லாபம் 27 சதவீதம். 67 ஏன் 27 ஆனது என்று கேட்டார். சோதனையில் மேலே வந்தவற்றைப் பொறுக்கி எடுக்கும்போது அவற்றின் அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே பொறுக்கியிருப்போம். அடுத்த சுற்றில் அது வடிந்துவிடும். பாதிக்கும் கீழாக இறங்குவது இதில் சகஜம்.

லாபம் என்று வந்தாலும் நாளுக்கு ஒன்றரை டாலர்தான். அந்தப் பதினொன்றில் அதற்கு மேல் டிராஃபிக் இல்லை. பிட்டை ஏற்றினால் டிராஃபிக் கூடும், லாபம் கரையும்.

கணக்கு முடித்தபோது

பன்னிரண்டாம் நாள் அஃபிலியேட் நெட்வொர்க்கிலிருந்து இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. பே-அவுட் 35-லிருந்து 26 சென்ட்டாகக் குறைகிறது என்பது ஒன்று. ஒயிட்லிஸ்ட்டை அதே எண்களோடு ஓட்டினாலும் இனி 6 சதவீதம் நஷ்டம். அவர் அதைத் தானே கணக்குப் போட்டு அன்றே நிறுத்திவிட்டார். முதல் கட்டத்தில் இருந்தவராக இருந்தால் பிட்டை ஏற்றியிருப்பார்.

இரண்டாவது செய்தி தரச் சோதனையின் முடிவு. முதல் கட்டத்தின் 271 இன்ஸ்டாலில் 163-க்கு மட்டும் பணம் தருவார்களாம். மற்றவர்கள் திறந்த உடனே செயலியை நீக்கியிருக்கிறார்கள். பின்னால் வந்த 529-இல் 508 ஏற்கப்பட்டது. லேண்டரை மாற்றியதன் பலன் இங்கேதான் தெரிந்தது. முன்பு பத்தில் ஆறு தேறியது, இப்போது நூற்றுக்கு 96. ட்ராக்கர் சொன்ன 60 சதவீத நஷ்டத்தை எண்ணிக்கையைத் திருத்தி 49 ஆக்கினோம். கடைசியில் கைக்கு வந்த பணத்தை வைத்துப் பார்த்தால் முதல் கட்டத்தின் உண்மையான நஷ்டம் 69 சதவீதம்.

மொத்த விளம்பரச் செலவு 368.40 டாலர், ஏற்கப்பட்ட வரவு 234.85. நஷ்டம் 133.55. இதில் முதல் ஆறு நாள் மட்டும் ஏறக்குறைய 129, பிறகு வந்த எல்லாம் சேர்த்து 4.60. கார்டு மூலம் நூறு நூறாக நான்கு முறை பணம் ஏற்றியதில் 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 16.52 டாலர். மொழிபெயர்ப்பு 15. ட்ராக்கர், சர்வர், டொமைன் சேர்த்து 41. ஆக 206 டாலர் சொச்சம் கையிலிருந்து போனது. பாப் நெட்வொர்க்கில் 31.60 டாலர் மீதி இருக்கிறது. எடுக்க முடியாது, விளம்பரத்துக்குத்தான் செலவழிக்கலாம்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இரண்டாம் கட்டத்தில் ஒரே நேரத்தில் பல விஷயங்களை மாற்றினோம். காசு குறைவாக இருந்தபோது அதுதான் நடைமுறை, ஆனால் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நேர்மையான லேண்டரிலேயே ஆங்கிலம் ஒன்று, இந்தோனேசிய மொழி ஒன்று என்று பாதிப்பாதி டிராஃபிக் விட்டிருந்தால் மொழியின் பங்காவது தெரிந்திருக்கும். ட்ராக்கரில் அது ஒரு நிமிட வேலை.

பிட் வைக்கும் முன்பே சமநிலைக் கணக்கைப் போட வேண்டும். விலையைப் பே-அவுட்டால் வகுத்தால் ஆயிரம் காட்சிக்கு எத்தனை இன்ஸ்டால் தேவை என்று தெரிந்துவிடும். 90 சென்ட்டுக்கு 2.57 என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்திருந்தால் பரிந்துரைத்த விலையை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். விளம்பரத்தைத் திறக்கும் முன் லேண்டரின் ஒவ்வொரு பொத்தானையும் போனிலேயே அழுத்தி, ட்ராக்கரில் கிளிக் பதிவாகிறதா என்று பார்ப்பதையும் இப்போது வழக்கமாக்கிக்கொண்டார்.

ஆஃபரை எடுக்கும் முன் அஃபிலியேட் நெட்வொர்க்கின் மேலாளரிடம் கேட்க வேண்டியவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை இன்ஸ்டால் வரை பணம் உண்டு, எந்த வகை லேண்டர் தடை, தரச் சோதனையில் எதைப் பார்ப்பார்கள், அதன் முடிவு எத்தனை நாளில் வரும். கடைசிக் கேள்விதான் கையிருப்புப் பணத்தைத் தீர்மானிக்கிறது. முதல் நூறு இன்ஸ்டால் சோதனை முடிந்து வரும்வரை செலவை நிறுத்திவைக்க முடியாதவர்கள் அந்த ஆஃபரை எடுக்காமல் இருப்பதே நல்லது.

மீதியுள்ள 31.60 டாலரை வைத்து என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டார். மூன்று மடங்கு விதிப்படி 35 சென்ட் ஆஃபரில் முப்பது ஸோன்களைச் சோதிக்கலாம், 3 டாலர் ஆஃபரில் மூன்றைத்தான் சோதிக்க முடியும். சிறிய பே-அவுட்டில், ஒரே நாட்டில், ஒரே லேண்டரோடு இன்னொன்று பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் ஆஃபர் தேடிக்கொண்டிருக்கிறார்.